வியாழக்கிழமை காங்கிரீட் போடுவதற்கு முன்

என் மகனுக்கு,

சாப்பாட்டுப் பையில் இந்தக் காகிதங்களைப் பார்த்ததும் சிமெண்டு பில் என்று நினைத்து ஓரமாகச் சொருகி வைத்துவிடாதே. அப்பா எழுதிய கடிதம். முதலில் சாப்பிடு, பிறகு படி. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் என்ன பெரிய தூரம், நேரில் சொல்ல வேண்டியதுதானே என்று நீ கேட்பாய். நேரில் சொல்ல எத்தனையோ தரம் வாயெடுத்தேன். ஒவ்வொரு தரமும் உனக்கு போன் வரும், இல்லை உன் அம்மா காபியோடு வந்து நிற்பாள், இல்லை எனக்கே தைரியம் போய்விடும். மூன்றாவதுதான் உண்மையான காரணம். ஒரு வயதுக்கு மேல் கொத்தனாருக்கு முட்டிதான் போகும் என்பார்கள். எனக்கு முட்டியோடு சேர்த்து ரோஷமும் போய்விட்டது போலிருக்கிறது, அதனால்தான் இப்போது எழுத முடிகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்து சாப்பிட்டுக்கொண்டே சொன்னாய்: "எப்பா, வியாழக்கிழமை காங்கிரீட். மிக்சர் மிஷின் பத்து மணிக்குத்தான் வருதாம். பத்துக்கு ஆரம்பிச்சா நாலுக்குள்ள அடிச்சு முடிச்சிரலாம்." நான், "கத்திரி வெயில்லே, பாத்துக்கோ" என்றேன். நீ சிரித்தாய். "குத்தாலத்துல என்னப்பா வெயிலு? காத்துதான் பிச்சிக்கிட்டு அடிக்கே." அந்த நிமிஷம் உன் அம்மா உனக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். பாதி டம்ளரோடு செம்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். மோர் தீர்ந்துவிட்டது என்று நீ நினைத்திருப்பாய். செம்பு நிறைய மோர் இருந்தது. நீ சொன்ன அதே வார்த்தையை, அதே குற்றாலத்தில், இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் நான் அவளிடம் சொல்லியிருக்கிறேன். உனக்கு அப்போது ஒன்றரை வயது.

அந்தக் காலத்து உன் அம்மாவை உனக்குத் தெரியாது. அதை நினைத்தால்தான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. நீ பார்த்ததெல்லாம் சுவரைப் பிடித்துப் பிடித்து நடக்கிற, வாய் கொஞ்சம் குழறுகிற, டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிற அம்மாவை. நான் கட்டிக்கொண்டு வந்தவள் சுந்தரபாண்டியபுரத்துப் பெண். சூரியகாந்திக் காட்டு வரப்பில் களைக்கொட்டோடு ஓட்டமும் நடையுமாகப் போய் வந்து பழகினவள். அவளோடு ரதவீதியில் நடந்தால் நான்தான் பின்னால் வருவேன். "என்னங்க, செருப்புல ஆணி அடிச்சிருக்கா?" என்று திரும்பி நின்று கேட்பாள். மார்கழியில் அவள் போடுகிற கோலத்தைப் பார்க்க எதிர்வீட்டு அண்ணாச்சி சைக்கிளை நிறுத்திவிட்டு நிற்பார், கோலத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போவார். கல்யாணமான வருஷம் முதல் சாரல் விழுந்ததும் ஐந்தருவிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எனக்குக் குளிர் ஆகாது, கரையில் நின்று துண்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பெண்கள் பக்கத்திலிருந்து அவள் சிரிக்கிற சத்தம் அருவிச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. அடுத்த வருஷம் உன்னையும் தூக்கிக்கொண்டு போனோம். நீ அருவியைப் பார்த்த பயத்தில் என் காதைப் பிடித்துத் திருகிவிட்டாய். காது சிவந்துபோய் நின்ற என்னைப் பார்த்து அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் அப்படியே இருக்கிறது, அது ஒன்றை மட்டும் வெயில் தொடவில்லை.

ஐந்தருவிப் பாதையில் ஒரு லாட்ஜ் மாடி, அதுதான் நான் தனியாக எடுத்த முதல் காண்ட்ராக்ட். குற்றாலத்தில் கட்டட வேலை எப்போதுமே சித்திரை வைகாசியில்தான் முறுக்கிக்கொள்ளும். ஆனியில் சாரல் வந்தால் ஆள் வரும், ஆள் வருவதற்குள் அறை திறக்க வேண்டும் என்று முதலாளிமார் கழுத்தில் துண்டைப் போடுவார்கள். அருவியில் சொட்டுத் தண்ணீர் இருக்காது, பாறை காய்ந்து கிடக்கும், கடலை கொடுக்க ஆளில்லாமல் குரங்குகள் நம் சாப்பாட்டுத் தூக்கைச் சுற்றி வரும். ஆனாலும் பெயர் குற்றாலம் இல்லையா, இங்கே வெயில் தாக்கும் என்று ஒருவனுக்கும் தோன்றாது. செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று வியர்வையை வந்த வேகத்திலேயே உறிஞ்சிக்கொண்டு போய்விடும். சட்டை நனையாததால் வியர்க்கவில்லை என்று நாம் நினைத்துக்கொள்வோம். உடம்பிலிருந்து போகிற தண்ணீர் போய்க்கொண்டேதான் இருக்கும்.

அந்த வாரம் நம் தெரு அம்மன் கோயில் கொடைத் திருவிழா. சித்தாள்கள் மூன்று பேர் தங்கள் ஊர்க் கொடைக்குப் போய்விட்டார்கள். நான் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் அம்மா, "நான் வாரேன். சட்டி தூக்குதது என்ன பெரிய வித்தையா?" என்றாள். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அவள் முளைப்பாரிக்காகக் கையில் காப்புக் கட்டியிருந்தாள், ஒருவேளைச் சாப்பாடு. காட்டு வேலை தெரிந்தவளே ஒழிய, மேட்டில் ஏறி இறங்கிச் சட்டி சுமந்து பழக்கமில்லை. அதிலும் உன்னைப் பெற்றபிறகு வீட்டு நிழலிலேயே இருந்தவள். முதல் இரண்டு நாள் செங்கல் தூக்கினாள். மூன்றாம் நாள் காங்கிரீட். பத்து மணிக்கு மிஷின் ஓட ஆரம்பித்தது.

காங்கிரீட் ஆரம்பித்தால் நிறுத்தக் கூடாது, பாதியில் விட்டால் பழசும் புதுசும் சேருகிற இடத்தில் ஒட்டு விழுந்து ஒழுகும் என்பது உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அதற்காக நாங்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தோம்: முடித்துவிட்டுத்தான் சாப்பாடு, முடித்த உடனே வீடு. ஆட்களுக்கும் அது பிடிக்கும், சீக்கிரம் போகலாம் என்று ஓடி ஓடி வேலை செய்வார்கள். உட்காருகிறவனைக் கூட இருக்கிறவனே ஏசுவான். ஆண்கள் நடுநடுவே டிரம்மில் மோந்து குடித்தார்கள். பெண்கள் குடிக்கவில்லை. ஏன் குடிக்கவில்லை என்று அன்றைக்கு நான் யோசிக்கவே இல்லை. குடித்தால் ஒதுங்க வேண்டும், ஒதுங்க அங்கே இடமில்லை. ரோட்டோரம், சுற்றிலும் ஆட்கள். தளம் தாங்கப் போட்டது போக மிச்சமான சென்ட்ரிங் பலகை அத்தனை என் கண் முன்னால் அடுக்கிக் கிடந்தது. நாலு பலகையை நட்டு ஒரு சாக்கைக் கட்டியிருந்தால் போதும். மாடியே கட்டத் தெரிந்த எனக்கு அந்த மறைப்பைக் கட்டத் தோன்றவில்லை.

பன்னிரண்டு மணி வாக்கில் அவள் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "காலு இழுக்கு. தலையும் விண்ணு விண்ணுன்னு தெறிக்கு" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இன்னும் கொஞ்ச நேரந்தான், முடிஞ்சிரும். குத்தாலத்துல என்ன வெயிலு, காத்து அடிக்கில்லா?" அவள் சும்மாட்டைச் சரிபண்ணிக்கொண்டு போனாள். வேலை செய்கிற ஆளுக்குக் கெண்டைக்கால் பிடிப்பது உடம்பு கொடுக்கிற முதல் புகார். தலைவலி, குமட்டல், கண்ணை இருட்டுவது அடுத்த புகார். அந்த நேரத்தில் நிழலில் படுக்கவைத்து, காலைச் சற்று உயர்த்தி, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்திருந்தால் எழுந்து உட்கார்ந்திருப்பாள். அன்றைக்கு வேலை அவ்வளவுதான் என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தால் இந்தக் கடிதமே இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் உன்னிடம் மறைத்தேன். ஒரு மணிக்குமேல் அவள் சட்டியைக் கீழே போட்டாள். போட்டுவிட்டு ஆடினாள். கால் ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமுமாகத் தள்ளாடி, என்னவோ கத்தினாள், ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. கண் எங்கேயோ நிலைகுத்தி நின்றது. முகம் செக்கச் செவேல் என்று இருந்தது. கொத்தனார் ஒருவர், "ஏ, அம்மன் வந்துட்டாளே!" என்று துண்டை இடுப்பில் கட்டினார். அவள் தாயாருக்குக் கொடைக்குக் கொடை சாமி வரும், அது எல்லோருக்கும் தெரியும். கையில் காப்பு, கொடை வாரம், சாமியாடுகிறவள் மகள் வேறு. யாருக்கும் சந்தேகமே வரவில்லை. சித்தாள் பெண்கள் குலவையிட்டார்கள். மஞ்சள் கிடைக்காததால் வெறும் தண்ணீரை ஒரு செம்பில் நீட்டினார்கள், அவளால் பிடிக்க முடியவில்லை, செம்பு உருண்டது. "தண்ணிய தட்டி விட்டுட்டா. என்னமோ குறை இருக்கு, கேளுங்க" என்றார்கள். நான் போய் அவள் காலில் விழுந்தேன், மகனே. என் பெண்டாட்டி காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, "தாயே, கொடைக்குச் செய்ய வேண்டியதைச் செய்யுதேன், இந்த வேல நல்லபடியா முடியணும்" என்று குறி கேட்டேன். அவள் உள்ளே வெந்துகொண்டிருந்தாள், நான் என் காண்ட்ராக்டைப் பற்றிக் கேட்டேன்.

மிஷின் ஓட்டினவர் கடையநல்லூர் காஜா பாய். வளைகுடாவில் ஏழெட்டு வருஷம் கட்டட வேலை பார்த்துவிட்டு வந்தவர். மிஷினை நிறுத்திவிட்டு ஓடி வந்து, "அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீய. இது சாமி இல்ல, வெயிலு. தொட்டுப் பாருங்க" என்றார். நான் பயந்துகொண்டே தொட்டேன். அடுப்பில் கிடந்த தோசைக்கல்லைத் தொட்ட மாதிரி கையை இழுத்துக்கொண்டேன். "சவுதில என் கண்ணு முன்னாலயே ரெண்டு பேரு இப்படித்தான் போனானுவ. தூக்குங்க!" என்று அவர் போட்ட சத்தத்தில்தான் எனக்குக் கையும் காலும் ஓடியது. நிழலுக்குத் தூக்கினோம். கலவைக்கு வைத்திருந்த டிரம் தண்ணீரைக் குடம் குடமாக அவள்மேல் ஊற்றச் சொன்னார். பெண்களை வைத்துச் சேலையைத் தளர்த்தி, கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் ஈரத்துணியை வைத்து, சிமெண்டுச் சாக்கால் விசிறச் சொன்னார். யாரோ சோடாவை உடைத்து வாயில் ஊற்றப் போனதற்கு, "நெனவு இல்லாதவ வாயில ஊத்துனா நெஞ்சுல ஏறிரும்லே" என்று கையைத் தட்டிவிட்டார். இன்னொருவன் உச்சியில் விளக்கெண்ணெய் வைக்கலாம் என்றான், அதற்கும் ஒரு வசவு. ஒரு மினி லாரியில் அவளைப் போட்டு, வழிநெடுக தண்ணீர் ஊற்றிக்கொண்டே தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போனோம். வெகு நாள் கழித்து காஜா பாய் என்னிடம் சொன்னார்: "எனக்கு அவிய தள்ளாடுனப்பவே தெரிஞ்சிட்டு அண்ணாச்சி. உங்க சாமி காரியத்துல நான் எப்படி வாய் வைக்கன்னு ஒரு கால் மணி நேரம் தயங்கிட்டேன். அல்லா என்னை மன்னிக்கணும்." உயிரைக் காப்பாற்றினவர் அப்படி அழுதார். கொல்லப் பார்த்த நான் அவருக்குச் சமாதானம் சொன்னேன்.

ஐந்து நாள் நினைவில்லாமல் கிடந்தாள். பிழைத்துவிட்டாள் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு நான் ஆஸ்பத்திரி வாசலில் நின்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். பிறகுதான் தெரிந்தது, முழுதாகத் திரும்பவில்லை என்று. மூளையில் நடையையும் கையையும் பேச்சையும் ஒழுங்குபடுத்துகிற பகுதியைச் சூடு தின்றுவிட்டது என்றார்கள். ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் மூளைக் காய்ச்சல் என்று சொன்னேன். உனக்கும் அதையே சொன்னேன். காய்ச்சல் என்றால் யாருடைய தப்பும் இல்லை பார். வீட்டில் காய் நறுக்குவதும் தேங்காய் துருவுவதும் என் வேலையானது அப்படித்தான். "எங்கப்பாவுக்குச் சமையல்னா உசிரு" என்று நீ உன் சேக்காளிகளிடம் பெருமையாகச் சொல்வாய். நானும் மீசையைத் தடவிக்கொள்வேன்.

ஆறாம் வகுப்பில் நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "எம்மாவ இனிமே ஸ்கூலுக்கு அனுப்பாதீங்க. தண்ணி போட்டுட்டு வந்திருக்கான்னு பயலுவ சிரிக்கானுவ" என்று சொன்னாயே, ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு உன்னைக் கை ஓங்கி அடித்தேன். உன் உதடு கிழிந்தது. உன் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து நடுவில் விழுந்தாள். உன்னிடம் ஒரு தப்பும் இல்லை. வெட்கப்பட வேண்டியவனும் அடி வாங்க வேண்டியவனும் நான். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நீ என்னை எப்படிப் பார்ப்பாய் என்ற பயம். அந்தப் பயத்துக்கு நீயும் அவளும் இத்தனை வருஷம் விலை கொடுத்திருக்கிறீர்கள். என்னை மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாயில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

இப்போது வியாழக்கிழமைக்கு வருகிறேன். அந்த மிஷின்காரன் இல்லாவிட்டால் வேறு மிஷின் பிடி. விடிந்தும் விடியாததுமாக ஐந்தரைக்கு முதல் சட்டி விழ வேண்டும், பதினொன்றுக்குள் ஆட்கள் நிழலுக்கு வந்துவிட வேண்டும். ஒரே மூச்சில் முடியாது என்றால் ஒட்டு எங்கே விழ வேண்டும் என்று முன்கூட்டியே குறித்து இரண்டு நாளாகப் போடு. நீ என்ஜினீயரிங் படித்தவன், அந்த இடத்தைக் கண்டுபிடிக்க உனக்குத் தெரியாதா? பெண்களுக்கு மறைப்புக் கட்டு, அதுதான் முதல் வேலை, கம்பி கட்டுவதற்கும் முன்னால். பிறகு அரைமணிக்கு ஒருதரம் விசிலடித்து எல்லோரையும் நிறுத்தித் தண்ணீர் கொடு. தாகம் எடுத்தால் குடிக்கட்டும் என்று விடாதே, தாகம் எப்போதும் பிந்தித்தான் வரும். உப்புப் போட்ட மோர் ஒரு பானை, உப்பு சர்க்கரைப் பொடி ஒரு பெட்டி, ஐஸ் ஒரு பெட்டி. சிறுநீர் மஞ்சளாக, கொஞ்சமாகப் போகிறது என்றால் தண்ணீர் போதவில்லை என்று எல்லோரிடமும் வெட்கப்படாமல் சொல். அதற்கென்ன வெட்கம், செத்துப்போகிறதைவிடவா?

புதிதாக வந்தவர்களைக் கண்ணில் வைத்துக்கொள். உன்னிடம் இருக்கிற வடக்கத்திப் பையன்களில் இரண்டு பேர் போன வாரம்தான் வந்தார்கள் என்றாய். வெயிலுக்கு உடம்பு பழக ஒரு வாரம், பத்து நாள் ஆகும், அதுவரைக்கும் பாதி வேலைதான் அவர்களுக்கு. முந்தின ராத்திரி குடித்தவன், காய்ச்சலோடு வந்தவன், விரதம் இருப்பவர், பிரஷர் மாத்திரை போடுகிறவர், இவர்களைத் தளத்தில் ஏற்றாதே. இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளச் சொல். பேச்சு குழறினால், சம்பந்தமில்லாமல் சிரித்தால், எரிந்து விழுந்தால், தள்ளாடினால், குடித்திருக்கிறான் என்றோ சாமி என்றோ நடிக்கிறான் என்றோ முடிவு கட்டாமல் முதலில் உடம்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும். வியர்வை நின்றால்தான் ஆபத்து என்று காத்திருக்காதே, வியர்த்துக்கொண்டே விழுகிறவர்களும் உண்டு. நூற்றெட்டுக்கு ஒருவன் போன் போடட்டும், வண்டி வருகிறவரைக்கும் மற்றவர்கள் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் குளிரவை, பிறகு தூக்கு. ஒட்டு விழுந்தால் விழட்டும். ஒழுகுகிற கூரையைப் பூசி அடைக்கலாம்.

இதையெல்லாம் எழுதி முடித்துவிட்டு உன் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். இத்தனை வருஷத்தில் அந்த நாளைப் பற்றி நானும் அவளும் ஒரு வார்த்தை பேசினதில்லை. அவளுக்கு ஒன்றும் ஞாபகம் இருக்காது என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். கடைசி வரைக்கும் கேட்டாள். பிறகு அவளுக்கே உரிய நிதானத்தில், ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்துச் சொன்னாள்: "நீங்க கால்ல விழுந்தது எனக்குத் தெரியும். எந்திரிங்க, தரை சுடுதுன்னு சொல்லணும்னு நெனச்சேன். வாய் வரல." அவள் என் கையைப் பிடித்து, அந்த ஆடுகிற கையால்தான், தட்டிக் கொடுத்தாள்.

பிறகு, "அவனுக்கு ஒண்ணு சேத்து எழுதுங்க" என்றாள். "வியாழக்கிழமை நானும் வாரேன். அங்க சட்டி தூக்குத பொம்பளப் பிள்ளைக தண்ணி குடிக்காவளா இல்லியான்னு பக்கத்துல இருந்து நான் பாக்கணும். வேல முடியுத மட்டும் நிழலுக்கு வரமாட்டேன்." வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. ஆட்டோவுக்குச் சொல்லியாகிவிட்டது. அந்த நாளுக்குப் பிறகு அவள் கட்டட வேலை நடக்கிற எந்த இடத்தையும் மிதித்ததில்லை. அவளைத் தடுக்க எனக்கு உரிமையும் இல்லை. பத்து மணிக்குத்தான் ஆரம்பிப்பாய் என்றால், ஒரு மணி வெயிலில் உன் அம்மா அங்கே நின்றுகொண்டிருப்பாள். நேரத்தை நீயே குறித்துச் சொல்.

அப்பா